தண்ணிக் கண்ணாடி

மரவட்டையைக் கூட்டித் தள்ளுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொட்டதும் சுருண்டுகொள்ளும். சுருண்டது கம்பியின் மேலேயே கோட்டுப் பொத்தான் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சீமாறால் தட்டினால் வெளியே விழாமல் உள்ளே, இரண்டு கம்பிக்கும் நடுவில், ஜல்லிக்குள் விழும். ஆள் நாலடி நகர்ந்ததும் சாவகாசமாக நிமிர்ந்து மறுபடி கம்பி ஏறும். ஐப்பசி மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில், மாமனார் வீட்டுத் தோட்டத்தில், முதுகை வளைத்துக்கொண்டு தண்டவாளம் பெருக்கிக்கொண்டிருந்தான் மோகனசுந்தரம். முழங்கால் உயர ரயில் ஓடுவதற்கான தண்டவாளம், ஒரு சாண் அகலம். வீட்டு வாசலில் புறப்பட்டு, தென்னைகளுக்கு நடுவே போய், எருக்குழியை ஒட்டி வளைந்து, சப்போட்டா மரத்து மேட்டில் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். எங்கேயும் போகாத ரயிலுக்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் கேள்வியே புரியாது. வாரத்தில் ஆறு நாள் அவன் பிறத்தியார் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருக்கிறவன், பல் டாக்டர். சீழ், ரத்தம், சோற்றுப் பருக்கை ஊறிய சொத்தை, வெற்றிலைக் காறை, எதற்கும் இதுவரை முகம் சுளித்ததில்லை. வாய் என்றால் அப்படித்தான் இருக்கும், அதற்குத்தான் டாக்டர். ஆனால் இந்த மரவட்டை. போன வாரம் சக்கரத்தில் அரைபட்ட ஒன்று கம்பியோடு காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டினால் பழைய டிஞ்சர் வாடை. அடிநாக்கு வரைக்கும் கசந்தது. எல்லா மழைக்கும் இதே கதைதான். அரைபட்டு அரைபட்டுக் கம்பி வழவழத்துப்போகும், மேட்டில் சக்கரம் வழுக்கும், மாமனார் கத்துவார், ஆகவே ரயில் ஓடுவதற்கு முன்னால் யாராவது ஒரு சுற்றுப் பெருக்கவேண்டும். அந்த யாராவது எப்போதுமே அவன்தான். இதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. கல்யாணமான முதல் மழைக்காலத்தில் மாமனார் சீமாற்றை நீட்டினார், புது மாப்பிள்ளை மறுக்கவா முடியும், வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அதைக் கீழே போட்டிருக்கவேண்டும்.

மாமனார் தண்டபாணி பம்புசெட் பவுண்டரி நடத்தி ஓய்ந்தவர். சொந்த வார்ப்பிலேயே இன்ஜினைச் செய்தார், கரி போட்டு ஆவியில் ஓடுகிற நிஜ இன்ஜின், சிறிசு என்பதைத் தவிர அதில் பொய் எதுவும் கிடையாது. ஊரே அதைப் புகழ்கிறது. புகழட்டும். ஆனால் எழுபது தாண்டிய மனிதர் காக்கித் தொப்பி மாட்டிக்கொண்டு, இன்ஜினுக்குப் பின்னாலிருக்கிற தாழ்ந்த பெட்டியில் கால் இரண்டையும் பரப்பி, முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, உதட்டைக் குவித்து விசில் ஊதுவதைப் பார்க்கும்போது மோகனசுந்தரத்துக்கு ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட கூச்சம் வரும். விசில் இன்ஜினே ஊதும். அதோடு சேர்ந்து அவரும் வாயால் ஊதுவார். விருந்தாளி யாராக இருந்தாலும் ரயிலில் ஒரு சுற்றுப் போய் வந்த பிறகுதான் அந்த வீட்டில் பஜ்ஜியும் காப்பியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவனை அப்படித்தான் ஏற்றினார்கள். அவன் அம்மா பட்டுச்சேலையோடு கால் பரப்பி உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, எருக்குழி வளைவில் சரிந்து விழப்போனதை இன்னும் அந்த வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வாசலில் மகள் பேரில் ஸ்டேஷன் பலகை, 'கோகிலா ஜங்ஷன்'. பேத்தி பேரில் தென்னைமரத்தடியில் ஒரு நிறுத்தம், 'கனிஷ்கா ஹால்ட்'. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று எருக்குழிக்குப் பக்கத்தில் ஒரு கேட்டுப் போட்டு அதற்கு 'மாப்பிள்ளை கேட்' என்று பேர் வைத்திருந்தார் மனிதர். பிரியமாகத்தான் வைத்தார், அதிலென்ன சந்தேகம். மாட்டுச் சாணமும் அழுகின தக்காளியும் சேர்ந்து நாறுகிற இடத்தில் பெயிண்ட் அடித்த எழுத்தில் தன்னைப் பார்க்கிற ஒவ்வொரு ஞாயிறும் மோகனசுந்தரம் பல்லைக் கடித்துக்கொள்வான். பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன்.

பெருக்கி முடித்து அவன் வாசலுக்கு வந்தபோது விருந்தாளிகள் இன்ஜினைச் சுற்றி நின்றார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் சென்னியப்பன், அவர் சம்சாரம், அவர்கள் கூட வந்த இன்னொரு ஜோடி. கரி கனிந்து இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். மோகனசுந்தரத்துக்கு அது வரிக்கு வரி மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். "இதா பாருங்க சென்னியப்பா, இந்தக் கண்ணாடிக் கொழா இருக்குதே, இதான் பாய்லருக்கு உசுரு. உள்ள எத்தனை தண்ணி நிக்குதோ அதே மட்டம் இதுலயும் நிக்கும். நடுவால கோடு தெரிஞ்சா நிம்மதி. கோடே தெரியலீன்னா வெச்சுக்குங்க, ஒண்ணு முழுக்க ரொம்பியிருக்கோணும், இல்லாட்டி முழுக்கக் காலியா இருக்கோணும். ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதரத்தான் இருக்கும். அப்ப அடியில இருக்கற திருகைத் தொறந்து பாத்துரோணும். தண்ணி பீச்சுனா ரொம்பியிருக்குது, வெறும் ஆவி வந்துதுன்னா காலி." காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று சென்னியப்பன் கேட்டார். இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள், கேட்கவேண்டும் என்றுதான் மாமனார் அங்கே நிறுத்துவார். "தீக்கு மேல ஒரு செம்புத் தகடு இருக்குதுங்க. அது எந்நேரமும் தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கோணும். தண்ணி எறங்குச்சுன்னா தகடு காஞ்சு, எளகி, பொத்துக்கும். ஆவி, தீ, தணலு அத்தனையும் இந்த வாய் வழியா வெளிய வந்துரும்." வாய் என்று அவர் காட்டியது கரி போடுகிற சின்ன இரும்புக் கதவை. அது ஓட்டுகிறவர் மடியைப் பார்த்துத்தான் இருக்கிறது. "அதும் ஏத்தத்துல ஒண்ணும் ஆகாதுங்க. மூஞ்சியத் தூக்கீட்டு நிக்கறப்போ தண்ணி பொறத்தால வந்து தகட்டை மூடிக்கும். ஏத்தந் தாண்டிக் குனியறப்பத்தான் தண்ணி முன்னால ஓடிரும். அங்கதான் சூதானமா இருக்கோணும்." அப்படி ஆனால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று சென்னியப்பன் கேட்க, "நானெங்க, போட்டோவுல மாலையோட இருப்பேன்" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லா வாரமும் சிரிக்கிற இடம். பிறகு அவர் குனிந்து, மூக்கு அந்தக் கண்ணாடிக் குழாயில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, "இதா, இன்னிக்கு ரொம்பி வழியுது. தண்ணி ஏத்தற பம்பை மூடியே வெச்சுட்டேன்" என்றார்.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மோகனசுந்தரமும் பார்த்தான். கோடு இல்லை. கண்ணாடிக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, பளிச்சென்று, ஒன்றுமே சொல்லாமல் இருந்தது. ரொம்பியிருக்கலாம். காலையில் அவரேதான் ஹோஸ் பிடித்து ஊற்றினார், ரொம்பியிருக்கலாம்தான். ஆனால் கரி பற்றவைத்து எத்தனை நேரமாகிவிட்டது, விருந்தாளிகள் தாமதமாக வந்தார்கள், அதுவரைக்கும் இன்ஜின் ஆவியை விட்டுக்கொண்டேதான் நின்றது. அந்தத் திருகைத் திறந்தால் தெரிந்துவிடும். ஒரு திருகு. முன்பெல்லாம் கிளம்புமுன் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டார். இப்போது திறப்பதில்லை, ஏனென்று மோகனசுந்தரத்துக்கு மட்டும்தான் தெரியும். திருகு எங்கே இருக்கிறது என்று அவர் தடவவேண்டும், தடவுவதை நாலு பேர் பார்த்துவிடுவார்கள். கண்ணில் புரை. இரண்டிலும். அவன் பல் டாக்டர்தான், ஆனாலும் பார்த்தால் தெரியாதா, கருவிழி நடுவில் பால் விட்ட மாதிரி இருக்கிறது. மோர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். ஆள் பேசினபிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பேத்தியிடம் பேப்பரை நீட்டி, எங்கே தலைப்பை வாசி பார்க்கலாம் என்று பரீட்சை வைக்கிறார், அவன் மனைவி கோகிலவாணி அதைப் பார்த்து அப்பாவுக்குக் குழந்தை மேல் எவ்வளவு ஆசை என்று உருகுகிறாள். மாமா, திருகைத் திறந்து பாருங்கள். அவ்வளவுதான் சொல்லவேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. வந்தது அங்கேயே நின்றது, ஏனென்றால் தைப்பொங்கலுக்கு இதே இடத்தில், இதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு முன்னால், இன்ஜினில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறதே மாமா என்று அவன் சொன்னான். மாமனார் தொப்பியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "சொத்தைப் பல்லுன்னா நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, நான் வாயத் தொறக்கறேன். பாய்லருக்கு நான் சொல்றேன், நீங்க வாய மூடிக்குங்க." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோகிலவாணியும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அதில் அவளுடைய அழகான முன்பற்கள் தெரிந்தன. அந்தப் பற்களில் ஒன்றுக்கு அவனே வேர் சிகிச்சை செய்திருந்தான்.

அதனால் சொல்லவில்லை. வாலில், கார்டு வண்டியில், போய் உட்கார்ந்தான். கார்டு என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஒரு பச்சைத் துணி, வலது தொடைப் பக்கத்தில் கைப்பிரேக்குச் சக்கரம் ஒன்று, இரண்டும்தான். அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் சென்னியப்பனின் முதுகு. கழுத்தில் பவுடர், பவுடருக்கு நடுவில் வியர்வை கோடு கோடாக இறங்கி, காலர் ஓரத்தில் மாவாகக் குழைந்திருந்தது. இந்த ரயிலில் ஒருவர் பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும், எவ்வளவு கேவலமான ஏற்பாடு. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவன் ஒன்றை நினைத்தான். நினைத்தான் என்பதைவிட, அது தானாக வந்து உட்கார்ந்தது. காலியாகவே இருக்கட்டும். பொத்துக்கொள்ளட்டும். செத்தெல்லாம் போகவேண்டாம், ஒரு சின்ன வெடிப்பு, காக்கி நிஜாரில் கொஞ்சம் தணல், எல்லோரும் அலறியடித்து எழுந்து ஓடட்டும், தொப்பி எருக்குழியில் போய் விழட்டும். அப்புறம் சிரிக்கட்டும். இதை நினைத்தபோது அடிவயிற்றில் ஒரு இதமான சூடு பரவியது. பரவினதை அவன் கவனித்தான். கவனித்ததும் உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. சீ, மாமனார், வயசானவர், கிளினிக் வைக்க இடம் கொடுத்தவர். இடம் கொடுத்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவரும் அவர்தான். சரி, இறங்கிப்போய்ச் சொல்லிவிடலாம், காதோடு சொல்லலாம், என்று ஒரு காலை எடுத்து மண்ணில் வைக்கப் போகும்போது விசில் ஊதியது. இன்ஜின் ஒரு முறை, கூடவே மாமனார் ஒரு முறை. வீட்டுக்குள்ளிருந்து "பின்னி முடிக்கலடீ, நில்லுடீ" என்று கோகிலவாணி கத்துகிற சத்தம். ஒற்றைச் சடையோடு, மறுபக்கத்து முடி பறக்க, கனிஷ்கா ஓடிவந்தாள். ஆறு வயசுக் குழந்தைக்குக் காலில் என்ன வேகம். "அப்பச்சி, நானு!" நகரத் தொடங்கிய ரயிலில் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஏறுடா சாமி" என்றார் மாமனார். தென்னைகள் நகர்ந்தன.

கத்தலாம். இப்போதே கத்தலாம். ஆனால் ரொம்பியிருந்தால். ரொம்பித்தான் இருக்கும். எத்தனை வருஷமாக ஓட்டுகிறார், ஒரு நாள்கூட ஒன்றும் ஆனதில்லை. ஆனதில்லை என்பதற்காக ஆகாது என்று அர்த்தமா. பல்லில் ஓட்டை விழுகிற நாள் வரைக்கும் எல்லாப் பல்லும் நல்ல பல்தான். கண்ணாடியில் கோடு இருந்ததா, ஒருவேளை மேலே, பித்தளைக்குள் மறைந்திருந்ததா, தான்தான் சரியாகப் பார்க்கவில்லையா. இல்லை, பார்த்தான். அவனுடைய கண்ணில் புரை இல்லை. சக்கரத்தடியில் மரவட்டைகள் நற் நற் என்று அரைபட்டன, இத்தனை பெருக்கியும். டிஞ்சர் வாடையும் கரிப்புகையும் சென்னியப்பனின் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கின. "அப்பச்சி, ரயில் பூச்சி மேல ஏறீட்டோம்!" என்று முன்னாலிருந்து கனிஷ்காவின் குரல், அதற்கு அவர் ஏதோ சொல்ல, சிரிப்பு. சென்னியப்பனின் சம்சாரம் ஒரு கையால் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி அவனைப் பார்த்து, "மாப்பிள்ளை, சித்த சிரிங்க" என்றாள். அவன் சிரித்தான். தன் குழந்தை தீக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவன் யாருக்கோ பல்லைக் காட்டினான். மாப்பிள்ளை கேட் வந்தது, எருக்குழி நாற்றம் வந்தது, அவன் மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை. நாறுவது அது இல்லை என்று தோன்றியது. சொல்லாமல் இருந்தபோது கிழவர் மட்டும்தான் தீக்கு முன்னால் இருந்தார், ஆகவே சொல்லவில்லை. இப்போது மகள் இருக்கிறாள், ஆகவே பதறுகிறான். அப்படியானால் கிழவர் வெந்தால் பரவாயில்லையா. பரவாயில்லை என்றுதானே ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தின் மேல்தான் மகள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கத்து, கத்தித் தொலை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வருகிறவர்களிடமெல்லாம் நன்றாக வாயைத் திற, இன்னும் திற, என்று அதட்டுகிறவன்.

மேடு ஆரம்பித்தது. இன்ஜின் மூக்கைத் தூக்கியது, மூச்சு கனத்தது. ஏற்றத்தில் ஒன்றும் ஆகாது, தண்ணீர் பின்னால் வந்து தகட்டை மூடிக்கொள்ளும், ஏற்றம் தாண்டிக் குனிகிறபோதுதான். மனப்பாடமான பாடம் அவன் மண்டைக்குள் மாமனார் குரலிலேயே ஓடியது. சப்போட்டா மரம் வரைக்கும் நேரம் இருக்கிறது. மரத்தைத் தாண்டினால் இல்லை. அப்போதுதான் அவன் கை, அவனைக் கேட்காமலே, தொடைப் பக்கத்துச் சக்கரத்தைத் திருகத் தொடங்கியது. மெதுவாகத் திருகியது, சத்தம் வராமல், சென்னியப்பன்கூடக் கவனிக்காதபடி. பிரேக்குக் கட்டை சக்கரத்தைக் கவ்வியது. ரயில் சுணங்கியது, முக்கியது, நின்றது. அப்பாடா என்று இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், யாரும் சிரிக்காமல், ரயில் நின்றுவிட்டது, என்ன சாமர்த்தியம். முன்னால் இன்ஜின் சக்கரங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே கிறீச்சிட்டுச் சுழன்றன. "மாப்பிள்ளை! சரியாப் பெருக்கலீங்களா? மரவட்டை வழுக்குதுங்க!" என்று மாமனார் கத்தினார். "பெருக்கினேன் மாமா" என்றான், பிரேக்கை விடாமல். "இருங்க, இன்னும் கொஞ்சம் தீ கேக்குது" என்று அவர் இரும்புக் கதவைத் திறந்து கரியை அள்ளி வீசினார். திறந்த வாயிலிருந்து ஆரஞ்சு வெளிச்சம் கனிஷ்காவின் கன்னத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடித் தாத்தா முதுகில் ஒட்டிக்கொண்டாள். ஆவி பலமாகச் சீறியது, சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றது. சீறிப் போகிற ஒவ்வொரு ஆவியும் பாய்லருக்குள் இருக்கிற தண்ணீர்தானே. இருந்த கொஞ்சத்தையும் அவன் தன் கையாலேயே வற்றடித்துக்கொண்டிருக்கிறான். பிரேக்கை விட்டால் மரத்தைத் தாண்டிவிடும். விடாவிட்டால் காய்ந்துவிடும். வாயைத் திறக்காமல் தப்பிக்க மூன்றாவதாக ஏதாவது வழி இருக்கிறதா என்று, அந்த நேரத்திலும், அவன் தேடினான்.

"கனிஷ்கா, எறங்கு" என்றான். குரல் வரவில்லை. பிரேக்கைத் தளர்த்தாமலே எழுந்து நின்றான். "கனிஷ்கா! எறங்குடி கீழ!" சென்னியப்பன் திரும்பினார், செல்போன் திரும்பியது. அவன் ஜல்லியில் இடறி, கம்பியில் கால் வழுக்கி, ஓடினான். குழந்தையை அக்குளில் கைவிட்டுத் தூக்கி அப்பால் புல்லில் நிறுத்தினான், தூக்கின வேகத்தில் அவளுக்கு வலித்து அழுகை வந்தது. "மாமா, அடித் திருகைத் தொறங்க." மாமனார் அண்ணாந்தார். அந்தப் பால்விழி அவனைப் பார்க்கவில்லை, அவன் குரல் வந்த இடத்தைப் பார்த்தது. "ரொம்பித்தானுங்க இருக்குது மாப்பிள்ளை, நாந்தான் பாத்தனே." "தொறங்க மாமா." கை திருகைத் தேடியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது, சூடான பித்தளையில் பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மோகனசுந்தரம் குனிந்து கர்சீப்பைச் சுற்றிக்கொண்டு தானே திருகினான். தண்ணீர் பீச்சவில்லை. உஸ் என்று வறண்ட ஆவி வந்தது. இன்னும் திருகினான். இன்னும் ஆவிதான், துளி ஈரமில்லை. அந்தச் சத்தம் என்ன என்று மாமனாருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முகம் சாம்பலாகிப் போனது. இதற்கு மட்டும் தடவாமல், இன்ஜினுக்கு அடியில் கைவிட்டு ஒரு கம்பியை உருவினார். தீத்தட்டு சரிந்து, கங்கு மொத்தமும் ஜல்லியில் கொட்டியது. இன்ஜின் மூச்சு தேய்ந்து அடங்கியது. கங்கில் சப்போட்டா இலை கருகுகிற வாடை.

என்ன ஆயிற்று என்று சென்னியப்பன் கேட்டார். எல்லோரும் இறங்கி வந்து நின்றார்கள். மாமனார் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மரவட்டைங்க. மழைன்னா இப்புடித்தான், சக்கரம் புடிக்க மாட்டேங்குது. இன்னிக்கு இத்தோட போதும், வாங்க, பஜ்ஜி ஆறிப்போவுது." சொல்லிவிட்டு அவர் மோகனசுந்தரம் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எட்டு வருஷமாக அவன் காத்துக்கொண்டிருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான். கூட்டம் இருக்கிறது, செல்போன் ஓடுகிறது, உண்மை கையில் இருக்கிறது, கர்சீப்பில் சூடு இன்னும் ஆறவில்லை. கண் தெரியாத மனிதர் உங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு காய்ந்த பாய்லரை ஓட்டினார் என்று ஒரே ஒரு வாக்கியம். அது எவ்வளவு ருசியாக இருக்கும் என்று நாக்கில் ஊறியது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று. கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்தேன் என்று சொல்லவேண்டும். பார்த்துவிட்டு வாலில் போய் உட்கார்ந்தேன் என்று சொல்லவேண்டும். "ஆமாங்க, மரவட்டைதான்" என்றான் மோகனசுந்தரம். "எனக்குத்தான் ஒரே பயம், கொழந்தை முன்னால இருக்கறாளேன்னு." சென்னியப்பன் அவன் தோளைத் தட்டினார். பெத்த மனசு அப்படித்தான் பதறும் என்று அவர் சம்சாரம் சொன்னாள். அவர்கள் கனிஷ்காவைச் சமாதானம் செய்து, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அவள் மட்டும் திரும்பித் திரும்பி அப்பாவை முறைத்தாள்.

மாமனார் பெட்டியை விட்டு எழவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. "எத்தனை நாளாத் தெரியும் மாப்பிள்ளை" என்று கேட்டார், எதைப் பற்றி என்று சொல்லாமல். "ரெண்டு மூணு மாசமா" என்றான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "கோகிலாகிட்டச் சொல்லிராதீங்க. ஆப்பரேசன் அது இதுன்னு ஆரம்பிச்சிருவா. பொறவு இன்ஜினுக்குச் சீலை போத்திருவாங்க." பிறகு கரிபிடித்த கை மேலே வந்து, காற்றில் துழாவி, அவன் கன்னத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது. "வாற ஞாயித்துக்கெழமை நீங்க வால்ல உக்கார வேண்டாம். எனக்குப் பொறத்தாலயே உக்காருங்க. தண்ணியப் பாத்துக் காதோட சொன்னீங்கன்னாப் போதும், நான் ஓட்டிக்கறேன். கனிஷ்காவ மடியில வெச்சுக்குங்க. அவளுக்கு இந்த எடந்தான் புடிக்கும்." முடியாது மாமா என்று சொல்லவேண்டும். நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அதுவரைக்கும் இந்தச் சனியனைத் தொடக்கூடாது என்று டாக்டர் குரலில் அதட்டவேண்டும். கன்னத்தில் கரி பிசுபிசுத்தது, ஆனால் அவன் முகத்தை நகர்த்தவில்லை. நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும் என்று இந்த வீட்டில் யாரும் அவனிடம் இதுவரை சொன்னதில்லை. எவ்வளவு அற்பமான சந்தோஷம், அது உள்ளே எவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

"சரிங்க மாமா" என்றான். பெரியவர் எழுந்திருக்க வசதியாகக் குனிந்து தோளைக் கொடுத்தான்.